வாசகர் கேள்வி–பதில்: பாஸ்போர்ட் இருந்தது, வீடுதான் கிடைக்கவில்லை

கேள்வி: 1948-ல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் பிரிட்டன் போனவர்கள் விசா வாங்கினார்களா? முறையாகப் போனவர்களை எழுபது ஆண்டு கழித்து ‘ஆவணம் இல்லாதவர்’ என்று எப்படிச் சொல்ல முடிந்தது?
– வரலாற்று மாணவி

பதில்: விசாவுக்கு அவசியமே இருக்கவில்லை. ஜமைக்கா, பார்படோஸ் போன்ற காலனிகளில் பிறந்தவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். 1949 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த குடியுரிமைச் சட்டம், லண்டனில் பிறந்தவருக்கும் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவருக்கும் ஒரே குடியுரிமையைத்தான் கொடுத்தது. விடுதலை பெற்ற இந்தியா, பாகிஸ்தான், இலங்கையின் குடிமக்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் தடையின்றி நுழையலாம், வேலை பார்க்கலாம், ஓட்டுப் போடலாம்.

சிக்கலின் விதையும் அங்கேதான். சொந்த நாட்டுக்குள் வருகிறவருக்கு யாரும் அனுமதிச் சீட்டு எழுதித் தருவதில்லையே! பல குழந்தைகள் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலோ உடன்பிறந்தவர் பாஸ்போர்ட்டிலோ பெயர் சேர்த்து வந்தவர்கள். 1971-ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அமலான 1973 ஜனவரி 1-க்கு முன்பே குடியேறியிருந்தவர்களுக்குத் தங்கும் உரிமை உறுதியானது. ஆனால் அதற்கான சான்று எதுவும் அரசு கொடுக்கவில்லை. பெயர்ப் பதிவேடும் வைக்கவில்லை. 2014, 2016 சட்டங்கள் வீட்டுக்காரர், முதலாளி, வங்கி என எல்லோரையும் ஆவணம் கேட்க வைத்தபோது இவர்களிடம் காட்ட ஒன்றுமில்லை. துறைமுகத்தில் நிரப்பிய பழைய வருகை அட்டைகளையும் உள்துறை 2010-ல் அழித்திருந்தது. வேலை போனது, வீடு போனது, சிலர் தடுப்புக் காவலுக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளானார்கள். 2018 ஏப்ரலில் விவகாரம் வெடித்து, உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். இதை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நிரூபிக்கும் சுமையை முழுக்கத் தனிமனிதர் தலையில் ஏற்றியது சட்டமே.

கேள்வி: ‘கறுப்பர்களுக்கு இடமில்லை’ என்று வீட்டு வாசலில் பலகை வைப்பது அன்று குற்றமில்லையா? அப்படியானால் எங்கேதான் தங்கினார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: 1968 வரை அதைத் தடுக்கச் சட்டமே இல்லை. 1965-ல் வந்த முதல் இன உறவுச் சட்டம் மதுக்கடை, உணவகம், திரையரங்கு போன்ற பொது இடங்களோடு நின்றுவிட்டது. வாடகை வீட்டையும் வேலையையும் அது பொதுவாகத் தொடவில்லை. அந்த இரண்டும் 1968 சட்டத்தில்தான் சேர்ந்தன.

அந்த மாற்றத்துக்கு வழிவகுத்த ஆய்வு ஒன்று 1967-ல் வெளியானது. ஒரே தகுதியுள்ள மூவரை ஒரே வீட்டுக்கு, ஒரே வேலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள்: வெள்ளை ஆங்கிலேயர் ஒருவர், ஹங்கேரியர் ஒருவர், கரீபிய அல்லது ஆசியர் ஒருவர். ஹங்கேரியர் எதற்கு என்று தோன்றும். ‘அந்நியர், மொழி தெரியாதவர், அதனால்தான் மறுத்தோம்’ என்ற சாக்கை உடைக்கத்தான். அவரும் அந்நியர்தான், அவருடைய ஆங்கிலத்திலும் வேற்று வாடை உண்டு. ஆனாலும் அவருக்குத் திறந்த பல கதவுகள் மூன்றாமவருக்குத் திறக்கவில்லை. நிறம்தான் காரணம் என்பதை மறுக்க வழியில்லாமல் போனது.

எங்கே தங்கினார்கள் என்பது பெரிய கதை. விண்ட்ரஷ் பயணிகளில் போக்கிடம் இல்லாத இருநூறுக்கும் மேற்பட்டவர்களை கிளாப்பம் சவுத் நிலத்தடிப் பதுங்கு குழியில் தங்கவைத்தார்கள். பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். அந்தப் பகுதி கரீபியர் பேட்டையானது இப்படித்தான். நகராட்சி வீடு கேட்டால், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்று விதி. வீட்டுக்கடன் சங்கங்களோ இவர்களையும், இவர்களுக்குக் கிடைத்த பழைய வீடுகளையும் சேர்த்தே ஒதுக்கின. கடைசியில் குத்தகைக் காலம் முடியப்போகிற, இடிந்துகொண்டிருக்கிற வீட்டை அதிக வட்டிக்குக் குறுகிய காலக் கடன் வாங்கி வாங்கினார்கள். தவணை கட்ட வேண்டுமே, அறைக்கு நாலு பேராக ஆள் வைத்தார்கள். இரவு ஷிப்ட்காரர் எழுந்து போன கட்டிலில் பகல் ஷிப்ட்காரர் படுத்தார். உடனே அதே நகராட்சி, ‘நெரிசலாக வாழ்கிறார்கள், பேட்டையைக் கெடுக்கிறார்கள்’ என்றது. நெரிசல் அவர்கள் பழக்கத்தால் வந்தது என்று இன்றும் எழுதுகிறவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கிறார்கள்.

முன்பணம் சேர்க்க ஜமைக்காக்காரர்கள் நம்பியது ‘பார்ட்னர்’ முறையை. நம் ஊர் ஏலமில்லாச் சீட்டு போலத்தான்: வாராவாரம் ஒரே தொகை, பொறுப்பான ஒருவர் கையில் கணக்கு, முறைவைத்து ஒவ்வொருவருக்கும் மொத்தப் பணம். வங்கி மறுத்த கடனை இது கொடுத்தது.

கேள்வி: பிரிட்டன் மருத்துவமனைகளுக்குக் கரீபியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட நர்ஸ்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்கிறார்களே, எப்படி?
– செவிலியர்

பதில்: அன்று பயிற்சி இரண்டு வகை. மூன்றாண்டு படித்தால் ‘ஸ்டேட் ரெஜிஸ்டர்டு நர்ஸ்’. இரண்டாண்டு படித்தால் ‘ஸ்டேட் என்ரோல்டு நர்ஸ்’. முதல் வகையில்தான் வார்டு சிஸ்டராகப் பதவி உயர்வு உண்டு. இரண்டாவது சான்றிதழ், ஊர் திரும்பினால் பல கரீபிய நாடுகளில் செல்லாது. தகுதி இருந்தும் பலரை, வேறுபாட்டைச் சொல்லாமலே, இரண்டாண்டுப் பிரிவில் சேர்த்தார்கள். உண்மை தெரிந்தபோது பயிற்சி பாதி தாண்டியிருக்கும். மாற வேண்டுமென்றால் திரும்பவும் படிக்க வேண்டும்.

நெசவாலைகளிலும் குடியேறியவர்களுக்குக் கிடைத்தது மற்றவர் செய்யாத வேலைதான். பெண்களை இரவு வேலைக்கு வைக்கச் சட்டம் தடுத்தது. புது இயந்திரங்களுக்குப் போட்ட முதலீட்டை எடுக்க ஆலை இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். நெசவு நகரமான பிராட்ஃபோர்டின் இரவு ஷிப்ட் பாகிஸ்தானியர் ஷிப்டாக மாறியதற்கு இதுவே காரணம்.

பிரிஸ்டலில் நிலைமை இன்னும் வெளிப்படை. அங்கே கறுப்பரையும் ஆசியரையும் பஸ் ஊழியராகச் சேர்ப்பதில்லை என்று நிர்வாகம் மட்டுமல்ல, தொழிற்சங்கக் கிளையும் நின்றது. கறுப்பின உரிமைப் போராளி பால் ஸ்டீபன்சன் முதலானோர் 1963-ல் நான்கு மாதம் பஸ் புறக்கணிப்பு நடத்திய பிறகு, ஆகஸ்ட் 28-ல் தடை விலகியது. முதலில் கண்டக்டரானவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

கேள்வி: காமன்வெல்த் நாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்திய 1962 குடிவரவுச் சட்டத்துக்கும் 1968 குடிவரவுச் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு?
– போட்டித் தேர்வு எழுதுபவர்

பதில்: 1962 ஜூலை 1 முதல், வேலைக்கு வரும் காமன்வெல்த் குடிமக்களுக்கு வவுச்சர் என்ற வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ‘ஏ’ வகை: வேலை கைவசம் உள்ளவர். ‘பி’: டாக்டர், ஆசிரியர் போன்ற தகுதியாளர். ‘சி’: மற்றவர்கள். 1965-ல் ‘சி’ ஒழிந்தது, மொத்தம் ஆண்டுக்கு 8,500 என்று சுருங்கியது. தடை வரப்போகிறது என்ற பயத்தில் 1962-க்கு முன் வருகை கூடியதே தவிரக் குறையவில்லை. போய்வந்து சம்பாதித்தவர்களும், வெளியே போனால் திரும்ப முடியாதோ என்று குடும்பத்தை அழைத்து நிலைத்துவிட்டார்கள்.

1968 சட்டம் வேறு ரகம். கென்யாவில் குடியேறியிருந்த இந்திய வம்சாவளியினரான கென்யா ஆசியர்கள் கையில் இருந்தது பிரிட்டிஷ் அரசே கொடுத்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் தடையின்றி நுழையலாம் என்று மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வெள்ளையருக்கு அந்த உறவு எளிதில் இருக்கும், ஆசியருக்கு இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1973-ல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் இதை இழிவுபடுத்தும் நடத்தை என்றே கருதியது.

கேள்வி: இந்த வரலாற்றில் தமிழர் உண்டா?
– வாசகர்

பதில்: உண்டு. 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்த அ. சிவானந்தன், அங்கே கறுப்பர்கள் தாக்கப்பட்ட நாட்டிங் ஹில் கலவர நேரத்தில் வந்திறங்கினார். பிறகு இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராகி, 1970-களில் அதன் இயக்குநரானார். தமிழ் அகதிகள் வரத்தொடங்கியதும், 1985-ல் இலங்கையருக்கு விசா கட்டாயமானது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அதுவே முதல்முறை.

கேள்வி: என் தாத்தா 1950-களில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவர். அவர் வருகைக்கான சான்றை எங்கே தேடுவது?
– வாசகி, ஹாரோ

பதில்: லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 26 (BT 26) என்ற வரிசையைப் பாருங்கள். 1878 முதல் 1960 வரை கப்பலில் வந்திறங்கியோர் பட்டியல் அது. பெயர், வயது, தொழில், ஏறிய துறைமுகம், பிரிட்டனில் தங்கவிருந்த முகவரி வரை இருக்கும். கட்டணத் தளங்களில் இணையத்திலேயே தேடலாம். விமானத்தில் வந்தவர் இதில் இருக்க மாட்டார்.

தமிழ்ப் பெயரில் ஏற்படும் தடுமாற்றம் ஒன்று: நமக்கு முன்னெழுத்து தந்தை பெயர், கப்பல் குமாஸ்தாவுக்குக் கடைசிச் சொல் குடும்பப் பெயர். எனவே தாத்தாவின் பெயரிலும் அவர் தந்தை பெயரிலும் தனித்தனியே தேடுங்கள். எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள். ‘சண்முகம்’ ஆங்கிலத்தில் Sa என்றும் Sh என்றும் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் பெயரை விட்டு, கப்பலும் வந்த மாதமும் கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வழி.

குடியுரிமை பதிவு செய்திருந்தால் சான்றிதழின் பிரதி அதே காப்பகத்தின் எச்.ஓ. 334 (HO 334) வரிசையில் இருக்கக்கூடும். வேலை பார்த்த ஆண்டுகளுக்குத் தேசியக் காப்பீட்டுப் பதிவு உதவும். வேலைக்குப் போகாத பாட்டிக்கு அது உதவாது. வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, மருத்துவர் குறிப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இன்னும் நிலை உறுதியாகவில்லை என்றால் இப்படி ஆவணமில்லாமல் தவித்தவர்களுக்குச் சான்று கொடுக்க அரசு தொடங்கிய விண்ட்ரஷ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. கரீபியருக்கு மட்டும் என்று நினைத்து நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள். 1973-க்கு முன் குடியேறிய எந்தக் காமன்வெல்த் நாட்டவருக்கும் அது பொருந்தும். 1988 இறுதிக்குள் வந்து நிலைத்தவர் எந்நாட்டவராயினும் கேட்கலாம். இழப்பீட்டுத் திட்டம் தனி, விண்ணப்பமும் தனி. இறந்தவர் சார்பில் அவர் சொத்தை நிர்வகிப்பவரும் கோரலாம்.