மருத்துவர் பதில்: ஆசனவாய் ஓரத்தில் உடைந்து வடிந்த கட்டி

உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கடைசிப் பத்தி மட்டுமே. ஆசனவாயின் ஓரத்தில் எட்டு மாதங்களாக இருக்கும் மெத்தென்ற தோல் தொங்கல் புற்றுநோயாக இருக்குமோ, திருமணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இருந்த உறவின் வழியே வந்த பால்வினை நோயாக இருக்குமோ என்று விரிவாக எழுதிவிட்டு, போன மாதம் அதற்குப் பக்கத்தில் கடும் வலியோடு வந்த ஒரு கட்டி நான்காம் நாள் தானாக உடைந்து சீழ் வடிந்து சரியாகிவிட்டது என்றும், இப்போது எப்போதாவது உள்ளாடையில் மஞ்சள் கறை படுகிறது என்றும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கறை படுகிறது என்றால் அது சரியாகவில்லை.

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மலச்சிக்கலின்போது பிளேடால் கீறுவதுபோல வலித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆசனவாய் வெடிப்பு. வெடிப்பு ஆறும்போது அதன் வெளிமுனையில் வீங்கிய தோல் சுருங்காமல் அப்படியே தொங்கி நின்றுவிடுவது மிகச் சாதாரணம். அது புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. கழுவும்போது இடைஞ்சலாக இருந்தால் ஒழிய அதை வெட்டி எடுக்கவும் தேவையில்லை. ஆசனவாய்ப் புற்றுநோய் அரிதானது. கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும் கட்டியாகவோ, ஆறாத, இரத்தம் கசியும் புண்ணாகவோதான் அது பெரும்பாலும் தென்படும். நீங்கள் விவரிப்பது அதுபோல் இல்லை. பாலுறவு வழியே பரவும் மருக்களும் வேறு மாதிரியானவை. அவை பெரும்பாலும் தொற்றிய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தோன்றி, சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூப்போலக் கொத்தாகப் பெருகும். ஒற்றையாக, வழவழப்பாக, எட்டு மாதமாக அளவு மாறாமல் இருக்கும் தொங்கல் பெரும்பாலும் மருவாக இருக்காது. ஆனாலும் அந்தப் பழைய உறவு உங்கள் மனதை அரித்துக்கொண்டிருப்பதால், அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசமாகச் செய்வார்கள், முடிவை இரகசியமாகவே வைத்திருப்பார்கள். சிஃபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனையையும் அங்கேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். இரவெல்லாம் கைபேசியில் படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை முற்றிய நோயின் படங்கள், அவற்றோடு ஒப்பிட்டால் எந்தத் தோலும் நோயாகத்தான் தெரியும்.

இனி அந்தச் சீழ்க்கட்டியைப் பற்றி. ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் சிறு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகிச் சீழ் கட்டும். வெளியேற வழியில்லாத சீழ், தசைகளுக்கு இடையே வழி தேடிக்கொண்டு வெளித்தோலை எட்டி அங்கே கட்டியாகப் புடைக்கும். உடைந்ததும் அழுத்தம் குறைவதால் வலி போய்விடுகிறது, நோயும் போய்விட்டதாக நினைக்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் வாய் மூடாமலே இருந்துவிட்டால், அதற்கும் தோலில் உள்ள துளைக்கும் இடையே ஒரு குழாய்ப் பாதை நிலைத்துவிடும். இதுதான் பௌத்திரம். சீழ்க்கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்காவது இது நேர்கிறது. துளை மேலே மூடிக்கொள்ளும்போது மீண்டும் கட்டி, உடையும்போது மீண்டும் கறை என்று இது ஆண்டுக்கணக்கில் தொடரும், சிலருக்குக் கிளைவிட்டுப் பரவவும் செய்யும்.

மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி மூன்று நாள் விழுங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையால் இதற்கு எந்தப் பயனும் இல்லை. கட்டிக்கொண்ட சீழுக்குள் மருந்து போதிய அளவு சேராது, அதைக் கீறி வெளியேற்றுவதுதான் சிகிச்சை. அரிப்புக்காக இரண்டு மாதமாகத் தடவிவரும் களிம்பு என்னை இன்னும் வருத்துகிறது. நீங்கள் எழுதியுள்ள பெயரைப் பார்த்தால் அதில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அந்த மென்மையான இடத்தில் அது தோலை மெலிய வைக்கும், படர்தாமரை இருந்தால் அதன் உருவத்தை மறைத்து உள்ளுக்குள் பரவவிடும். இன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்திய சில நாட்களுக்கு எரிச்சல் கூடலாம். சோப்பும் கிருமிநாசினியும் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.

இந்த வாரமே பொது அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலாலும் சிறு குழாய்க் கருவியாலும் பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பௌத்திரம்தான் என்று தெரிந்தால், அந்தப் பாதை மலத்தை அடக்கும் தசையில் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மேலோட்டமானதைத் திறந்துவிட்டாலே ஆறிவிடும், ஆழமானதில் அப்படிச் செய்தால் தசை சேதமாகும் என்பதால் நூல் கோத்துப் படிப்படியாகச் சரிசெய்வார்கள். நீங்கள் கேட்ட ஆயுர்வேத க்ஷார சூத்திரமும், அதாவது மருந்து பூசிய நூலை அந்தப் பாதைக்குள் கோத்துக் கட்டும் முறையும், முறையான சிகிச்சைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறுவதற்கு அதிக நாள் பிடித்தாலும் மீண்டும் வருவது அறுவை சிகிச்சையைவிட அதில் குறைவாகவே இருந்தது. முறையாகப் பயின்றவரிடம் செய்துகொள்ள வேண்டும் என்பதே முக்கியம். பேருந்து நிலையச் சுவர் விளம்பரத்தில் தொலைபேசி எண்ணைப் பார்த்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு, தசை வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். அறுவையில் எடுக்கும் திசுவைக் காசநோய்க்கும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், நம் நாட்டில் அதுவும் ஒரு காரணம். நாள்பட்ட வயிற்றுப்போக்கோ எடைக் குறைவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குடலழற்சி நோயின் முதல் அடையாளமாகவும் பௌத்திரம் வருவதுண்டு.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். 38 வயதாகியும் நீங்கள் ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை பாருங்கள், கடந்த சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் சேர்த்துப் பாருங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை உள்ளவருக்கு இந்த இடத்துச் சீழ், சில மணி நேரங்களில் விரைப்பை வரை பரவித் திசுக்களை அழுகவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்ப்பதற்குள் மறுபடி கட்டி புடைத்து, விண்விண்ணென்று தெறிக்கும் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, தோல் கறுத்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வெட்கத்தால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்கிறீர்கள், இந்த ஒன்றையாவது அவரிடம் சொல்லி வையுங்கள்.