நாலு மணி நேரத்தில் நூறு கிலோ காயுமா?

கேள்வி: டிரே டிரையரில் (தட்டுகளில் பரப்பிச் சூடான காற்றில் உலர்த்தும் மெஷின்) வெங்காயம் போட்டால் உள்ளே புழுங்கிப் போகிறது, காயவே மாட்டேன் என்கிறது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று, ஈரக் காற்று வெளியேறும் வழியில் இருக்கும் டேம்பர் என்ற கதவை மூடியே வைத்திருக்கிறேன். மெஷினில் கோளாறா?
- வாசகர், பீன்யா

பதில்: டேம்பரைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: முருங்கை இலைப் பொடி விற்றுப் பிழைக்கிறேன். 24 தட்டு டிரையர், 6 கிலோவாட் ஹீட்டர். 'நாலு மணி நேரத்தில் 100 கிலோ இலை காயும்' என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார்கள். 20 கிலோவுக்கே ராத்திரி ஆகிவிடுகிறது. கேட்டால், 'உங்களுக்கு ஓட்டத் தெரியலை' என்கிறார்கள்.
- வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. 100 கிலோ பச்சை இலையில் 70 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.63 யூனிட் வேண்டும். ஆக, 44 யூனிட். உங்கள் ஹீட்டர் நாலு மணி நேரத்தில் தருவது 24. ஈரக் காற்றோடு வெளியே போகிற சூட்டை நான் இன்னும் கழிக்கவே இல்லை! விளம்பரத்தில் இந்த 'இத்தனை கிலோ'வைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பொருள், எந்த ஈரத்திலிருந்து எந்த ஈரத்துக்கு, எத்தனை டிகிரியில் என்று சொல்லாத கிலோ வெறும் வாய்ப்பந்தல். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றாதீர்கள், இலையின் பச்சை போய்விடும்.

'தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது' என்று அடுத்து மிரட்டுவார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அந்தக் கொட்டேஷனை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மேக்னட் ஒட்டவில்லை, அதனால் எளிதில் துருப்பிடிக்காத 304 கிரேடு ஸ்டீல்தான் என்று சொல்லித் தட்டுகளை விற்றார். இப்போது துரு.
- வாசகர், அல்சூர்

பதில்: அதைவிட மலிவான 202 கிரேடு ஸ்டீலிலும் மேக்னட் பெரும்பாலும் ஒட்டாது. நானும் ஒரு காலத்தில் பாக்கெட்டில் மேக்னட்டோடு அலைந்தவன்தான். அப்படித் 'தேறிய' தட்டுகள் இன்று மொட்டை மாடியில் செடித் தொட்டிகளுக்கு அடியில் கிடக்கின்றன. இனிமேல் பில்லில் கிரேடு எழுதச் சொல்லுங்கள், கூடவே மெட்டீரியல் சர்டிபிகேட்டும் கேளுங்கள்.

கேள்வி: த்ரீ ஃபேஸ் டிரையர் வந்து இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார், இது நியாயமா?
- வாசகர், ஹெப்பால்

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லிலேயே 'த்ரீ ஃபேஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே! படித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்டு மனு கொடுங்கள். அதுவரை தட்டுகளை உருவி மாடியில் வெயிலில் வையுங்கள், வடகமாவது காயும்.