பிரபலங்களின் புத்தகத்தை வேறொருவர் எழுதித் தருவது மோசடியா?

எல்லா நேரமும் இல்லை. வாசகர் எதை நம்பி வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது.

டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் சுயசரிதை ‘ஓப்பன்’ (2009) உருவாகப் பேனா பிடித்தவர் ஜே. ஆர். மோரிங்கர். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார். நன்றியுரையில் அகாஸி அவர் பங்கை மறைக்கவில்லை. நாம் காசு கொடுப்பது அகாஸியின் வாழ்க்கைக்கு, அவருடைய நடைக்கு அல்ல. இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடியின் கதை வேறு. செனட்டராக இருந்தபோது 1956-இல் ‘புரொஃபைல்ஸ் இன் கரேஜ்’ என்ற நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. 1957 டிசம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன், எழுதியது வேறு ஆள் என்று போட்டு உடைத்தார். கென்னடி தரப்பு வழக்குப் போடுவோம் என்று மிரட்ட, சேனல் பின்வாங்கியது. உதவியாளர் டெட் சோரென்சனும் தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டார். அதே சோரென்சன் 2008-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில், பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வரைவு தன்னுடையது என்கிறார்!

முன்னுரையில் ‘ஆய்வு உதவியாளர்’ என்று அவருக்கு நன்றி இருந்தது, உண்மைதான். ஆனால் பரிசு எழுத்துக்குத் தரப்படுவது. அதை வாங்கிக்கொண்டதும், கேட்டவரை வழக்கைக் காட்டி வாயடைத்ததும்தான் தப்பு.

இதைவிட மோசம் மருத்துவ ஆய்விதழ்களில் நடப்பது. ‘வைத்’ (Wyeth) என்ற மருந்து நிறுவனம் தன் ஹார்மோன் மருந்துகளுக்குச் சாதகமான கட்டுரைகளைக் கூலிக்கு எழுதவைத்து, மருத்துவர்கள் பெயரில் வெளியிட்டது 2009-இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியே அம்பலமானது. அதைப் படித்துத்தான் இன்னொரு மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவார்.