சேற்றில் ஓடும் சைக்கிளுக்கு மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 27. மதுரை திருநகரில் பெற்றோருடன் வசிக்கிறேன். சம்பளம் மாதம் 46,000 ரூபாய். ஆகஸ்டில் அலுவலகப் பணிக்காக இரண்டு ஆண்டுகள் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்குப் போகிறேன். அங்கே சைக்ளோகிராஸ் எனும், சேற்றிலும் மணலிலும் சைக்கிள் ஓட்டும் பந்தயத்தில் முதல் முறையாக இறங்க ஆசை. இப்போதே பயிற்சியைத் தொடங்க 3 லட்சத்தில் கார்பன் சைக்கிள் பார்த்திருக்கிறேன். வங்கி 14% வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் தருகிறது. 2 லட்சம் எஃப்.டி.யும், ஒரு பழைய மலைச் சைக்கிளும் இருக்கின்றன. கடன் வாங்குவதா, எஃப்.டி.யை உடைப்பதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்தக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 69,000 ரூபாய் போகும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த விளையாட்டில் வாங்கும் விலையை விட ஓட்டும் செலவுதான் கடிக்கும். ஐரோப்பாவில் பந்தயக் காலம் செப்டம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நீள்கிறது. மூன்று கிலோமீட்டர் சுற்று; மணல், சேறு, வழுக்கும் சரிவு. 40 சென்டிமீட்டர் பலகைத் தடை வந்தால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சங்கிலியும் பிரேக் கட்டையும் சேற்றில் எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை முதல் மழை நாளிலேயே பார்ப்பீர்கள். முன்னணி வீரர்கள் ஒரு சைக்கிளை உதவியாளர் கழுவிக்கொண்டிருக்க இன்னொன்றில் ஏறிப் போவார்கள். அதனால் ஒரு விலையுயர்ந்த சைக்கிளை விட இரண்டு சாதாரண சைக்கிள்களே பயன் தரும். முதல் ஆண்டுக்கு உங்களுக்கு ஒன்றே போதும். அதையும் கென்டில் பழையதாக வாங்குங்கள். சைக்ளோகிராஸ் அங்கே ஊர்த் திருவிழா போன்றது. பழைய சைக்கிள்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏறி ஓட்டி அளவு பார்த்து வாங்கலாம், திரும்பும்போது விற்றுவிட்டும் வரலாம்.

பயிற்சிக்கு உங்கள் மலைச் சைக்கிளே தாராளம். ஞாயிறுதோறும் கொடைக்கானல் மலைப்பாதையில் மணிக்கணக்கில் மிதிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பந்தயம் அதுவல்ல. புதியவர்களுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம்தான், முழுவதும் மூச்சு முட்டும் வேகம். ஒரு நிமிடம் உச்ச வேகம், ஒரு நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றி மிதியுங்கள். வைகையில் தண்ணீர் இல்லாத நாட்களில் மணலில் ஓடுங்கள். கண்மாய்க் கரையில் ஓடிவந்து ஏறுவதையும், ஓட்டத்தோடு இறங்குவதையும் பழகுங்கள். இதற்கெல்லாம் வியர்வைதான் செலவு. கண்மாய்ப் பக்கம் சீமைக் கருவேல முள் உண்டு என்பதால் டியூப்லெஸ் டயருக்கும் முள் குத்திய துளையை அடைக்கும் திரவத்துக்கும் மட்டும் இப்போது பணம் ஒதுக்குங்கள். அந்த டயர்கள் உங்கள் சக்கரத்துக்குப் பொருந்துமா என்று முதலில் கடையில் கேட்டுவிடுங்கள்.

கையிருப்புக்கு, இந்த மாதமே மாதம் 12,000 ரூபாய் கட்டும் ஒரு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள். ஏழு மாதத்தில் 84,000 சேரும். சைக்கிள், காலணி, பந்தயக் கட்டணம், தேய்மானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தேய்மானத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான். மீதியில் நல்ல சைக்கிள் அமையவில்லை என்றால் ஓரிரு மாதம் பொறுங்கள், பந்தயங்கள் ஜனவரியிலும் இருக்கும்.

எஃப்.டி.க்கு வேறு வேலை இருக்கிறது. கென்ட் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வீட்டு வாடகை முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க முடியும். முதல் சம்பளம் வரும் வரை கைச்செலவும் உண்டு. புறப்படுவதற்குச் சற்று முன் முதிர்வடையும்படி அதை மாற்றி அமைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். முன்கூட்டியே முறித்தால் பெரும்பாலும் வட்டியில் ஒரு பகுதி போய்விடும்.

இன்னொன்று, காப்பீடு. பல பயணக் காப்பீடுகள் போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்தை ஏற்பதில்லை. அலுவலகம் தரும் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்து, பந்தயம் விலக்கப்பட்டிருந்தால் அதற்கான தனிக் காப்பீட்டை எடுத்த பிறகே முதல் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.