பழைய ஸ்பீக்கர்: மலையகத்து நேயர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன்: டவுனில் பழைய சாமான் கடையில் ஜப்பான் ஸ்பீக்கர் சோடி ஒன்று கிடக்கிறது. வாங்க முன் எதைப் பார்க்க வேண்டும் அண்ணே?

பெயர்ப் பலகையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் முன்பக்கத்துத் துணியைக் கழற்றச் சொல்லி, அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பை, அதாவது கோனை, சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ரப்பரோ பிசின் பூசிய துணியோ என்றால் பாதி நிம்மதி. போம் (பஞ்சு போன்ற foam) என்றால் தொட்ட இடத்தில் பிசுபிசுக்கிறதா, தூளாக உதிர்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் போம் சீக்கிரம் மக்கிவிடும்.

அடுத்தது, இரு கை விரல்களையும் கோனில் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். 'சர சர' என்று உரசினால் கோனின் பின்னால் உள்ள கம்பிச் சுருள், அதாவது கொயில், கோணியிருக்கிறது, அல்லது காந்த இடுக்கில் துரு ஏறியிருக்கிறது. அந்தச் சோடியை விட்டுவிடுங்கள்.

மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பின் முனைகளில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும், 6 ஓம் என்றால் 4.5க்கு மேல், 4 ஓம் என்றால் 3க்குக் கொஞ்சம் மேல். இரண்டு பெட்டிக்கும் அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றில் யாரோ வேறு டிரைவர் (கோனும் கொயிலும் காந்தமும் சேர்ந்த உறுப்பு) மாட்டியிருக்கலாம். ஆனால் இந்த அளவு பேஸ் டிரைவரை மட்டுமே சொல்லும். மேல் சுரங்களுக்கான சின்ன ட்வீட்டருக்கு முன்னால், மீட்டரின் மின்னோட்டத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் நிற்பதால் ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. பாட்டுப் போட்டு, ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

தலவாக்கலை: போம் முழுக்க உதிர்ந்துவிட்டது. வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஈரத்துக்குத் தாங்கும் ரப்பரையே போட்டுவிடலாமா?

மாற்றலாம், ஆனால் போமுக்குப் போமே போடுங்கள். ரப்பர் கனமும் விறைப்பும் கூடியது. பெட்டியின் கொள்ளளவை அந்தப் போமை வைத்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். மாற்றினால் டிரைவரின் இயல்பு ஒத்ததிர்வு, அதாவது அது தானாக அதிரும் சுருதி, இடம் மாறி, பேஸின் தன்மையே மாறிப்போகும்.

'8 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. மூன்று அளவு தேவை: கோனின் வெளி விட்டம், இரும்புச் சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம், வளைந்த பகுதியின் அகலம்.

பழைய பசையை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். அவசரப்பட்டால் கடதாசிக் கோன் கிழியும். காய்ந்த பின்னும் வளையக்கூடிய வெள்ளைப் பசை போதும். சுப்பர் க்ளூ வேண்டாம்: விறைத்துவிடும், தவறு செய்தால் எடுக்கவும் முடியாது. முதலில் கோன் பக்கம் ஒட்டிக் காயவிடுங்கள். சட்டத்தின் பக்கம் ஒட்டும்போதுதான் கொயில் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு 30 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 30 அதிர்வு) ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் கேட்காத இடமாகப் பார்த்து அழுத்துங்கள். 24 மணித்தியாலம் காய வேண்டும். மழைக் காலம் என்றால் இரண்டு நாள் விடுங்கள்.

பண்டாரவளை: அதே மாதிரிப் பழைய சாமான் கடையில் வந்த ஜப்பான் அம்ப்ளிபயரையும் சேர்த்து வாங்கலாமா?

பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே குத்தாதீர்கள், கருகிவிடும். அதன் வொட் அளவுக்கும் மேலே தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் தேவை. ஸ்பீக்கருக்கு இந்தக் கவலை இல்லை.

நானுஓயா: லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பெரிய பெட்டி வைத்தால் 'கும்' என்கிறது.

பெட்டியின் பிழை மட்டுமல்ல. 12 அடி நீளச் சுவர்களுக்கிடையில் சுமார் 47 ஹேர்ட்ஸிலும், 10 அடிக்குச் சுமார் 56 ஹேர்ட்ஸிலும் ஒலி எழும்பி நிற்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இன்னும் மோசம். மூலையில் வைத்தால் அதை ஊதிப் பெருக்குகிறீர்கள். இந்த அறைக்கு ஆறரை முதல் 8 அங்குலம் வரையான டிரைவர், அதிலும் துளையில்லாத மூடிய பெட்டி போதும். துளை இருக்கிறதென்றால் பழைய காலுறையைச் சுருட்டி அதற்குள் செருகிப் பாருங்கள், காசு செலவில்லை. ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும்: நாற்காலியில் இருந்து கேட்டால் ஏறக்குறைய 3 அடி, பாயில் இருந்து கேட்டால் அதைவிடக் கீழே. முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தும் கேட்க வேண்டாம்.

சிறிய அறைக்கென்றே பிறந்த பழைய ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ. பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்துக்குள் வைக்க வடிவமைத்தது. கெஃப் (KEF) நிறுவனத்தின் பி110 டிரைவரும் டி27 (T27) ட்வீட்டரும் அதில் இருக்கின்றன, விளிம்பு ரப்பர். உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எழும்பும் சத்தம், 83 டெசிபலுக்கும் குறைவு என்பதால் சின்ன அம்ப்ளிபயர் திணறும். விலையும் நம் கைக்கு எட்டாது. வடிவமைத்த நோக்கத்தைப் புரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

தகரத்தில் மழை கொட்டும்போது மட்டும் சத்தத்தைத் திருகிக் கூட்டாதீர்கள். திறன் போதாத அம்ப்ளிபயர் அலையின் தலையை வெட்டும், அந்த வெட்டு முதலில் பொசுக்குவது ட்வீட்டரைத்தான்.

நுவரெலியா: கோனில் வெள்ளைப் பூஞ்சணம். ஈரத் துணியால் துடைக்கலாமா ஐயா?

கடதாசிக் கோனில் ஈரம் படக்கூடாது. உலர்ந்த மென் தூரிகையால் தட்டுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். சிப்போர்ட் பலகை அடியில் ஈரம் குடித்து ஊதினால் பழைய நிலைக்கு வராது. பொலித்தீனில் சுற்றி மூடுவது பலர் செய்யும் பிழை, ஈரம் உள்ளேயே தங்கும். அடுப்புப் புகை வரும் பக்கமும் வேண்டாம்.

பதுளை: ஒரு பெட்டியில் மட்டும் மேல் சுரங்கள் மங்கியிருக்கின்றன. ட்வீட்டரை மாற்றவா?

முதலில் இரண்டு ட்வீட்டரையும் பெட்டி மாற்றி மாட்டிப் பாருங்கள். மங்கல் பழைய பெட்டியிலேயே நின்றால் கெப்பாசிட்டர்தான். அதே மைக்ரோபெரட் அளவில், முனைவற்ற வகையாக, குறைந்தது 50 வோல்ட்டுக்கு வாங்குங்கள். ரேடியோ பெட்டியில் போடும் கூட்டல் கழித்தல் குறியிட்ட கெப்பாசிட்டர் இங்கே உதவாது. பெட்டிக்கு ஒன்றாக இரண்டையும் மாற்றுங்கள். பிலிம் வகைக் கெப்பாசிட்டர் போட்டபின் ஓசை கூர்மையாகிக் காதைக் குத்தினால், அதோடு தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேருங்கள். கெப்பாசிட்டரோடு சேர்ந்திருக்கும் கம்பிச் சுருள்களைத் தொடவே வேண்டாம்.

மஸ்கெலியா: பழைய ஜேர்மன் ஸ்பீக்கர். வயர் முனையில் ஒரு உருண்டைப் பின், ஒரு தட்டைப் பின். எது பொசிட்டிவ்?

உருண்டை. சந்தேகமானால் வயரில் ஒன்றரை வோல்ட் பெட்டரியைக் கண நேரம் தொடுங்கள். பேஸ் கோன் வெளியே தள்ளினால் பெட்டரியின் கூட்டல் பக்கம் தொட்டதே பொசிட்டிவ்.

மாத்தளை: நான் கேட்பது அறுபதுகளின் திரைப்பாட்டு, அந்நாளைய இலங்கை வானொலிப் பாட்டு. அதற்கு எது நல்லது?

அவற்றில் பெரும்பாலானவை மோனோ. ஆழ்ந்த பேஸுக்கும் மேல் நுனிக்கும் காசைக் கொட்ட வேண்டாம். குரலும் நாதஸ்வரமும் வாழும் நடுப்பகுதிதான் முக்கியம், அதில் கடதாசிக் கோன் நன்றாகப் பாடும். இசைத்தட்டு என்றால் அம்ப்ளிபயரில் மோனோ சுவிட்சைப் போடுங்கள், கீறல் இரைச்சலில் ஒரு பங்கு அடங்கும். சோடியில் ஒன்று பழுதாகி மற்றது நன்றாக இருந்தால், அந்த ஒற்றையை மட்டும் குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். மோனோவுக்கு அது போதும்.