கர்ப்ப காலத்தில் சமைக்காத உணவை மட்டுமே சாப்பிடலாமா?

நான்காம் மாதம் நடக்கிறது, இரண்டு வருடமாக அடுப்பில்லா உணவுதான், இதையே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்கப் பச்சையாக வேண்டாம் என்பதே என் பதில். பழம், வெள்ளரி, கேரட்டை விடச் சொல்லவில்லை. நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

சிக்கலே நாம் பெரிதாக நம்பும் முளைகட்டிய பயறில்தான். ஈரத்துணியில் முடிந்து வைத்தால் பயறு மட்டும் முளைப்பதில்லை. அந்த வெதுவெதுப்பும் ஈரமும் சால்மோனெல்லா, ஈ.கோலை கிருமிகளுக்கும் தோதானவை. விதை விரிசலுக்குள் புகுந்துவிட்டால் எத்தனை முறை அலசினாலும் முழுசாகப் போகாது. இட்லிப் பானையில் நன்றாக வேகவைத்து, தேங்காய்த் துருவல் போட்டுத் தாளித்துவிடுங்கள். ருசியும் கூடும்!

காய்ச்சாத பாலும் பச்சை முட்டையும் அறவே கூடாது. பாலில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். தாய்க்கு வெறும் காய்ச்சல், உடம்புவலியாகத் தெரியும். ஆனால் கருவே கலைந்துவிடலாம். சரியாகக் கழுவாத கீரையில் ஒட்டியிருக்கும் மண்ணிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம்.

அப்புறம் சத்துக் கணக்கு. பழமும் காயும் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும், புரதமும் கலோரியும் குறைந்துபோகும். பால், முட்டை இரண்டும் இல்லையென்றால் வைட்டமின் பி12 மாத்திரை தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சத்து மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். "இயற்கையாகவே கிடைக்கும்" என்று அதையும் ஒதுக்குகிறார்களே, எனக்கு அதுதான் பெரிய பயம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் உங்கள் சாப்பாட்டை மறைக்காமல் சொல்லி, ஹீமோகுளோபினோடு பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.