முதல் விமான இழுவைக்கு உங்கள் ஸ்கேல் கிளைடரைத் தயார்செய்வது எப்படி?

கேள்வி: கா 8 என்னும் ஆளேறிப் பறக்கும் கிளைடரை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, ரேடியோ கட்டுப்பாட்டு ஸ்கேல் கிளைடராகக் கட்டியிருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை 3.75 மீட்டர். இதுவரை மலைச்சரிவில் மட்டுமே பறக்கவிட்டிருக்கிறேன். அடுத்த மாதம் சனி, ஞாயிறு நடக்கவிருக்கும் ஸ்கேல் கிளைடர் சந்திப்பில் இழுவை விமானத்தின் பின்னால் கட்டிப் பறக்க அழைத்திருக்கிறார்கள். என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: சரிவில் பழகிய உங்களுக்குக் கிளைடரைக் கையாள்வது புதிதல்ல, புதிது கயிறு ஒன்றுதான். எனவே இந்தப் பதிலின் பெரும்பகுதி கயிற்றையும் அது மாட்டப்படும் கொக்கியையும் பற்றியதாகவே இருக்கும்.

அதற்கு முன் எடையைப் பார்த்துவிடுவோம். ருடால்ஃப் கைசர் வடிவமைத்து 1957-இல் முதன்முதலாகப் பறந்த கா 8-இன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, விமானியையும் சேர்த்து, 310 கிலோ. நீளம் நான்கில் ஒன்றாகக் குறையும்போது எடை 64-இல் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பதால் உங்கள் மாடலுக்குப் பொருத்தமான எடை ஏறத்தாழ 4.8 கிலோ. அரைக் கிலோ கூடியிருந்தால் பாதகமில்லை. அதற்கும் மேல் போயிருந்தால் இழுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடையைவிட முக்கியமானது ஈர்ப்பு மையம். இத்தகைய பழைய வடிவங்களுக்கு மூக்கு குட்டை என்பதால் முன்பக்கத்தில் ஈயம் நிறையவே வைக்க வேண்டியிருக்கும். எடையைக் குறைக்கும் ஆசையில் அந்த ஈயத்தில் கைவைக்காதீர்கள். பின்பாரம் உள்ள கிளைடரைச் சரிவில் எப்படியோ சமாளித்துவிடலாம். கயிற்றின் முனையில் அது முடியாது.

இனி கொக்கி. வின்ச்சுக்காக (தரையில் இருந்தபடி கயிற்றைச் சுருட்டிக் கிளைடரை மேலேற்றும் இயந்திரம்) அடிவயிற்றில், ஈர்ப்பு மையத்தை ஒட்டி வைக்கப்படும் கொக்கியை விமான இழுவைக்குப் பயன்படுத்தவே கூடாது. அங்கிருந்து இழுத்தால் கிளைடரின் மூக்கு சட்டென்று எழும்பி, அது இழுவை விமானத்துக்கு மேலே ஏறி, அதன் வாலைத் தூக்கித் தரையை நோக்கிக் குப்புறத் தள்ளிவிடும். இழுவைக்கான கொக்கி மூக்கிலேயே இருக்க வேண்டும். மூக்கில் பதித்த சிறு குழாய்க்குள் கயிற்றின் கண்ணி நுழைய, அதன் குறுக்கே ஓர் எஃகுக் கம்பி செல்வதும், சர்வோ என்ற சிறு மோட்டார் அந்தக் கம்பியைப் பின்னுக்கு இழுத்ததும் கண்ணி விடுபடுவதும்தான் வழக்கமான அமைப்பு. இதில் கயிற்றின் இழுவிசை முழுவதும் குழாயின் சுவரில் இறங்க வேண்டுமே தவிர, சர்வோவின் கையில் ஒரு துளியும் இறங்கக் கூடாது.

இதை மேசையில் வெறுமனே திறந்து மூடிப் பார்ப்பது சோதனை ஆகாது. கிளைடரை ஒருவர் பிடித்துக்கொள்ள, கண்ணியில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, கிளைடரின் எடைக்குச் சமமான விசையில் இழுத்தபடியே கொக்கியைத் திறக்கச் செய்யுங்கள். நேராக இழுத்து ஒருமுறை, பிறகு மேலும் கீழும் இரு பக்கங்களிலும் சாய்த்து இழுத்து ஒவ்வொரு முறை. எந்தக் கோணத்திலும் அது தயங்கக் கூடாது. முடிந்ததும் கம்பியை வெளியே எடுத்து ஒரு கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள்: தள்ளாடி உருண்டால் வளைந்துவிட்டது என்று பொருள். கண்ணி உராயும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். பாரம் இல்லாதபோது வழுக்கிக்கொண்டு வருகிற கம்பி, பாரம் ஏறியதும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தால்தான்.

கொக்கியைத் திறக்கும் சுவிட்ச், கட்டை விரல் ஸ்டிக்கை விட்டு நகராமலே எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் ஸ்பாய்லர் (இறக்கையின் மேல் எழுந்து கிளைடரை இறங்கச்செய்யும் தகடு) சுவிட்ச்சின் பக்கத்தில் வேண்டாம். சிக்னல் அறுபட்டால் கொக்கி தானாகத் திறந்துகொள்ளும்படி ஃபெயில்சேஃபை அமைத்துவிடுங்கள். மூக்கில் இருக்கும் ஈயக்கட்டி, பேட்டரி, எஃகுக் கம்பிகள் ஆகியவற்றை விட்டு விலகி, ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். வீட்டிலேயே ரேஞ்ச் சோதனை செய்திருந்தாலும், களத்தில் கிளைடரை முழுமையாகப் பூட்டிய பின் அதை மீண்டும் செய்யுங்கள். இறக்கைகளைப் பூட்டிய பிறகு டிரான்ஸ்மிட்டரில் சரியான மாடல்தான் தேர்வாகியிருக்கிறதா, ஸ்டிக் சாயும் பக்கத்து எய்லரான்தான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) எழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சந்திப்புகளில் பேச்சுச் சுவாரஸ்யத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

பலரும் கேட்கத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன்: யார் இழுக்கிறார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கா 8 மெதுவாகப் பறக்கும் பிராணி. பெரிய கண்ணாடியிழைக் கிளைடர்களைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருப்பவர் அதே வேகத்தில் இதையும் இழுத்தால் இறக்கையும் வாலும் படபடக்கத் தொடங்கிவிடும். "இது எனக்கு முதல் இழுவை, மெதுவாக, அகலமான வளைவுகளில் இழுங்கள்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: காற்று அடங்கிய காலை வேளையோ மாலை வேளையோ முதல் இழுவைக்கு ஏற்றது, தெர்மல்கள் என்ற வெப்பக் காற்றெழுச்சிகள் பொங்கும் நண்பகல் அல்ல.

ஓடுதளத்தில் ஒருவர் இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் கூடவே ஓடிவர வேண்டும். இறக்கை முனை தரையில் உரசிக் கிளைடர் திரும்பத் தொடங்கினால், சரிசெய்ய முயலாமல் உடனே கயிற்றை விட்டுவிடுங்கள். உங்கள் கிளைடர் இழுவை விமானத்துக்கு முன்பாகவே தரையை விட்டு எழுந்துவிடும். அப்போது வாலின் கிடைத் தகடான எலிவேட்டரைச் சற்றே கீழிறக்கி, தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள்ளேயே அதை அடக்கி வைத்திருங்கள். முன்னே போகும் விமானம் மேலேறத் தொடங்கிய பின், அதைவிடச் சற்றே உயரத்தில் இருந்தபடி பின்தொடர்ந்தால் போதும்.

வளைவுகளில் இழுவை விமானம் சாயும் அளவுக்கே நீங்களும் சாய்ந்து, அதன் பாதைக்குச் சற்று வெளியே இருங்கள். நீண்ட இறக்கையுள்ள கிளைடரை எய்லரானால் மட்டும் திருப்ப முயன்றால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும்; ஆகவே வாலின் செங்குத்துத் தகடான ரட்டரும் சேர்ந்தே வர வேண்டும். கயிறு தொய்ந்துவிட்டால் பதறி மூக்கைக் கவிழ்க்காதீர்கள். இறக்கைகளை மட்டமாக வைத்துப் பொறுத்திருந்தால் கயிறு மெல்ல இறுகிவிடும். பொறுக்காமல் விரைந்தால் தொய்வு இன்னும் கூடி, அது வெடுக்கென்று இறுகும்போது, விசை மிகுந்தால் அறுபடுவதற்கென்றே கயிற்றில் சேர்க்கப்பட்டிருக்கும் மெல்லிய துண்டு அறுந்துவிடும். உங்கள் கிளைடர் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குப் புரியாத கணத்தில் வேறு யோசனைக்கே இடமில்லை: விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்ததும் விடுபட்டவரை எந்த இழுவை விமானியும் குறைசொல்வதில்லை.

விடுபட்ட பின் வானம் பொதுவானது. ஒரு தெர்மலில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அதே பக்கம்தான் பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும். போதிய உயரம் இருக்கும்போதே ஒருமுறை ஸ்பாய்லரை முழுவதும் திறந்து மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்துக்கொண்டால், தரை நெருங்கும்போது எதிர்பாராதது எதுவும் நேராது. சரிவில் வேண்டிய இடத்தில் இறக்கிவிடலாம். இங்கே அப்படி இல்லை. "இறங்குகிறேன்" என்று அனைவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, இரண்டு தெளிவான திருப்பங்களில் உள்ளே வர வேண்டும். கடைசித் திருப்பத்தை வேகம் குறைந்த நிலையில், தாழ்வாகச் செய்யாதீர்கள். இறக்கை முனை ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, கிளைடர்கள் உடைவது அதிகமும் அந்த இடத்தில்தான். இறங்கியதும் கிளைடரை உடனே ஓடுதளத்திலிருந்து அகற்றிவிடுங்கள், ஏனெனில் அடுத்ததாக இழுவை விமானம் கயிற்றோடு அங்கேயே வந்து இறங்கும்.